ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் கணக்குப் பார்த்த காலம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மேசைக் கால்குலேட்டர்களைப் பற்றி. குறிப்பாக 1963 தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த ஓர் இனத்தைப் பற்றி. தனித்தனி டிரான்சிஸ்டர்களையும் டயோடுகளையும் நூற்றுக்கணக்கில் சர்க்யூட் போர்டுகளில் பற்றவைத்துச் செய்த மெஷின்கள் அவை. நம் பாடப்புத்தகங்கள் வால்வு காலத்து எனியாக்கைச் சொல்கின்றன. அதிலிருந்து ஒரே தாவலில் 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்புக்குப் போய்விடுகின்றன. நடுவில் இருந்த இந்த மெஷின்களுக்கு அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை. பொறியியல் மாணவர் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கையில் இருப்பது கொஞ்சம், செய்ய வேண்டிய வேலை பெரிது. அந்தக் கொஞ்சத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே அந்தப் பாடம்.

முதலில் அன்றைய அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். 1950களில் கணக்கு மெஷின் என்றால் பல்சக்கரங்கள் நிறைந்த இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் ஃப்ரிடன், மார்ச்சன்ட், மன்றோ, சுவீடனில் ஃபேசிட். மோட்டார் வைத்ததும் உண்டு, கைப்பிடி சுற்றுவதும் உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளின் புள்ளியியல் ஆய்வகங்களில் ஃபேசிட்டின் கைப்பிடியைச் சுற்றித் திட்டவிலக்கம் கண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். மோட்டார் மெஷினில் ஒரு வகுத்தல் போட்டால் மேசை அதிரும். வரிசையாகப் பத்துப் பேர் உட்கார்ந்து போட்டால் அந்த அறையில் பேச முடியாது.

1961இல் இங்கிலாந்தில் அந்தச் சத்தம் நின்றது. பஸ் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவிகளுக்குப் பேர்போன பெல் பஞ்ச் கம்பெனி, நார்பர்ட் கிட்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 'அனிட்டா' என்ற மெஷினை வெளியிட்டது. மின்னணுவில் ஓடி, விற்பனைக்கும் வந்த முதல் மேசைக் கால்குலேட்டர் அதுதான். ஆனால் அதன் உள்ளே டிரான்சிஸ்டர்கள் அல்ல, வாயு நிரப்பிய குளிர்கதோடுக் குழாய்கள் வேலை செய்தன. அனிட்டா நன்றாகவே விற்றது. சத்தமில்லாத மெஷினுக்கு அலுவலகங்கள் பணம் கொடுக்கத் தயாராக இருக்கின்றன என்பதை அது மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

சரி, டிரான்சிஸ்டர் 1947லேயே வந்துவிட்டதே, பாக்கெட் ரேடியோ 1950களிலேயே விற்றதே, கால்குலேட்டர் மட்டும் ஏன் 1963 வரை காத்திருந்தது? ரேடியோவுக்கு ஆறேழு டிரான்சிஸ்டர் போதும். கால்குலேட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். செலவை விடுங்கள், இன்னொரு தொல்லையும் உண்டு. ரேடியோவில் ஒரு டிரான்சிஸ்டர் கெட்டால் கரகரக்கும், காது கண்டுபிடித்துவிடும். கால்குலேட்டரில் ஒன்று கெட்டால் விடையில் ஓர் இலக்கம் மாறும். அதை நம்பி ஒருவர் பில்லில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களோ சூட்டுக்கு அஞ்சுபவை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மூடிய பெட்டிக்குள் ஐந்நூறு டிரான்சிஸ்டரை நெருக்கி வைத்து, அத்தனையும் பிழையில்லாமல் நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் அது லேசான காரியமல்ல.

இதில் கூட்டல் சர்க்யூட் பெரிய பிரச்சினையே அல்ல. அடக்கமான கூட்டல் சர்க்யூட் ஒன்றை வைத்து, இலக்கம் இலக்கமாக உள்ளே விட்டு எடுத்தால் போதும். பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டல், வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழித்தல். பிரச்சினை எங்கே இருந்தது என்றால், எண்களை எங்கே வைப்பது என்பதில்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 13 இலக்க எண்கள் நான்கை மெஷின் நினைவில் வைக்க வேண்டும் என்று கொள்வோம். மொத்தம் 52 இலக்கங்கள். ஓர் இலக்கத்துக்கு 4 பிட். ஒரு பிட்டை வைத்துக்கொள்ளும் ஃபிளிப்ஃபிளாப் சர்க்யூட்டுக்குக் குறைந்தது 2 டிரான்சிஸ்டர். ஆக, 52 பெருக்கல் 8, அதாவது 416 டிரான்சிஸ்டர்கள். எண்களைச் சும்மா பிடித்து வைத்திருப்பதற்கு மட்டும் இத்தனை. கூட்ட, பெருக்க, காட்ட இனிமேல்தான் சேர்க்க வேண்டும். இந்த 416 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். அன்றைய வடிவமைப்பாளர்களின் புத்தி முழுவதும் அதைத் தவிர்ப்பதில்தான் செலவாயிற்று.

கலிபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் இருந்த ஃப்ரிடன் கம்பெனி 1963இல் இசி-130 என்ற மெஷினை வெளியிட்டது. வடிவமைப்பின் தலைவர் ராபர்ட் ரேகன். அதன் நினைவகம் ஒரு கம்பி. நீளமான மெல்லிய கம்பி, சுருள் சுருளாக மெஷினுக்குள் கிடக்கிறது. ஒரு முனையில் மின்துடிப்பைக் கொடுத்தால், காந்தப்புலத்தில் சில உலோகங்கள் சற்றே நீளும் அல்லது சுருங்கும் என்ற இயல்பைப் பயன்படுத்தி, கம்பி மிக மெல்ல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஓர் ஒலியலையாகக் கம்பி வழியே விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மின்சாரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஆமை நடை. மறுமுனைக்குப் போய்ச்சேரச் சில மில்லி விநாடி ஆகிறது. அந்த இடைவெளிக்குள் பின்னாலேயே நூற்றுக்கணக்கான துடிப்புகளை அனுப்பிவிடலாம். அத்தனையும் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணத்தில் இருக்கும். மறுமுனையில் வந்து இறங்கும் துடிப்பைச் சீர்படுத்தி மீண்டும் முதல் முனையில் விட்டால், எண்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை வாங்க வேண்டிய சாமான்களை மறக்காமலிருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போகுமே, அதே உத்தி. 416 டிரான்சிஸ்டர் செய்ய வேண்டிய வேலையை ஒரு கம்பியும் அதன் இரு முனைகளிலும் சின்ன சர்க்யூட்டுகளும் செய்து முடித்தன.

இத்தோடு நிற்கவில்லை. எண்களைக் காட்டுவதற்கு அன்று பரவலாக இருந்தது நிக்ஸி குழாய். இலக்க வடிவில் வளைத்த பத்துக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நியான் வாயுவுக்குள் நிற்கும். வேண்டிய கம்பி செம்மஞ்சளாக ஒளிரும். பார்க்க மிக அழகு. ஆனால் ஓர் இலக்கத்துக்கு ஒரு குழாய். நான்கு எண்களையும் ஒன்றாகக் காட்ட 52 குழாய் வேண்டும், ஒவ்வொன்றும் எரிய 170 வோல்ட் அளவு மின்னழுத்தம் வேண்டும். ரேகன் குழுவினர் அதற்குப் பதிலாக டெலிவிஷனில் உள்ளது போன்ற ஒரு சின்னப் படக்குழாயை வைத்தார்கள். 5 அங்குலம். கம்பியிலிருந்து இலக்கங்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டுதானே இருக்கின்றன? ஒவ்வோர் இலக்கமும் வரும் அதே கணத்தில் எலெக்ட்ரான் கற்றை அதைத் திரையில் தன் இடத்தில் கோடு கோடாக வரைந்துவிடும். அடுத்த இலக்கம் வருவதற்குள் பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடும். நினைவில் வைப்பதும் திரையில் காட்டுவதும் ஒரே ஓட்டத்தில் நடந்தன. இந்த ஓர் இணைப்பை நான் படித்தபோது அடைந்த மகிழ்ச்சியை இன்றுவரை வேறெந்த சர்க்யூட் விளக்கமும் எனக்குத் தரவில்லை.

திரையில் நான்கு வரிகள். எண்கள் அடுக்காக நிற்கும். (12 + 8) × (7 − 2) என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஐ உள்ளே தள்ளி, 8ஐ அடித்து, கூட்டல் விசையைத் தொட்டால் 20. பிறகு 7ஐ அடிக்கும்போது 20 மேல்வரிக்கு ஏறி நிற்கும். 2ஐக் கழித்தால் கீழே 5. பெருக்கல் விசையைத் தொட்டால் மேலே இருந்த 20 இறங்கி வந்து 100 ஆகும். அடைப்புக்குறி வேண்டாம். இடையில் வந்த விடையைத் தாளில் குறித்து வைக்கவும் வேண்டாம். போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் லூகாசிவிச் 1920களில் வகுத்த குறியீட்டு முறையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது இது. எச்பி கால்குலேட்டரைப் பயன்படுத்தும் பொறியாளர்கள் இன்றும் உயிராகப் போற்றும் இந்த முறை, கடைக்கு வந்த கால்குலேட்டர் ஒன்றில் முதலில் அமர்ந்தது இசி-130இல்தான். விலை 2,200 டாலர். அன்றைய மோட்டார் மெஷின் ஒன்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இனி ஜப்பானுக்குப் போவோம். ஒசாகாவில் ஹயகவா மின்சாரக் கம்பெனி, ரேடியோவும் டெலிவிஷனும் செய்துகொண்டிருந்தது. இன்றைய ஷார்ப் அதுதான். நிறுவனர் டோகுஜி ஹயகவா உலோக வேலைக்காரராகத் தொடங்கியவர். கரிமுனை தள்ளும் பென்சிலால் பெயர் வாங்கியவர். 1923 நிலநடுக்கத்தில் குடும்பத்தையும் தொழிற்சாலையையும் இழந்து, டோக்கியோவை விட்டு ஒசாகாவுக்கு வந்து மீண்டும் தொடங்கியவர். அவருடைய கம்பெனியில் 1960இல் அட்சுஷி அசாடா முதலிய இளம் பொறியாளர்கள் கம்ப்யூட்டர் நுட்பம் படிக்கக் கிளம்பினார்கள். பெரிய கம்ப்யூட்டர் செய்யும் பண வசதி கம்பெனிக்கு இல்லை. அதனால் படித்த படிப்பை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். 1964 மார்ச்சில் சிஎஸ்-10ஏ வெளியானது. எடை 25 கிலோ. விலை 5,35,000 யென். அன்று ஜப்பானில் ஒரு கார் வாங்கும் பணம்.

அந்த மெஷினுக்குள் 530 டிரான்சிஸ்டர், 2,300 டயோடு. இந்த விகிதத்தைக் கவனியுங்கள், ஒன்றுக்கு நான்குக்கும் மேல். 'இதுவும் அதுவும்', 'இது அல்லது அது' என்ற தர்க்க முடிவுகளை டயோடுகளாலேயே எடுத்துவிடலாம். டயோடு மலிவு. சிக்னல் வலுவிழக்கும் இடத்தில் தூக்கிவிடவும், தலைகீழாக்கவும் மட்டுமே டிரான்சிஸ்டர் கட்டாயம் வேண்டும். விலை உயர்ந்தது எங்கே தவிர்க்க முடியாததோ அங்கே மட்டும் அதை வைத்தார்கள். பாகங்களின் பட்டியலை வாசித்தாலே வடிவமைப்பாளரின் கை தெரிகிறது.

அதே 1964இல் கேமரா கம்பெனியான கேனன், கேனோலா 130ஐக் கொண்டுவந்தது. ஷார்ப்பில் ஒவ்வொரு இலக்க இடத்துக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை தனித்தனி விசை வரிசை. பழைய மெஷினின் கீபோர்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கேனன் பத்தே விசைகளோடு வந்தது. காட்சிக்கு நிக்ஸி இல்லை. இலக்கங்களைச் செதுக்கிய கண்ணாடி போன்ற தகடுகளை அடுக்கி, ஓரத்திலிருந்து சின்ன விளக்கு ஒளியைப் பாய்ச்சினார்கள். வேண்டிய தகட்டின் இலக்கம் மட்டும் ஒளிரும். ஒளியியல் தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் விடை கண்டார்கள். 3,95,000 யென்.

டோஷிபாவின் டாஸ்கல் பிசி-1411 பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1965இல் வந்த அந்த மெஷின் ஒவ்வொரு பிட்டையும் ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்தது. மின்னூட்டம் கசிந்து போகும், ஆகவே அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். மாணவர்களே, இன்று உங்கள் செல்போனில் உள்ள டிராம் நினைவகம் இதே கொள்கையில்தான் வேலை செய்கிறது. ஒரே டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்ட டிராம் செல்லுக்கு ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்றது 1968இல்.

கேசியோ கதை வேறு. கஷியோ சகோதரர்கள் நால்வர் 1957இல் 341 ரிலேக்களைக் கொண்டு 14-ஏ என்ற மெஷினைச் செய்தார்கள். எடை 140 கிலோ, மேசையும் அதுவே, மெஷினும் அதுவே. நல்ல மெஷின், நல்ல வியாபாரம். 1964இல் டிரான்சிஸ்டர் மெஷின்கள் வந்ததும் ரிலேயின் காலம் முடிந்துவிட்டது தெரிந்தது. அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டருக்கு மாறி 001 என்ற மாடலைக் கொண்டுவந்தார்கள். தாங்களே கண்டுபிடித்ததைத் தாங்களே கைவிடும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இத்தாலியில் ஒலிவெட்டி கம்பெனியின் பியர் ஜார்ஜியோ பெரோட்டோ, 1965இல் புரோகிராமா 101ஐ நியூயார்க்கில் காட்டினார். அதுவும் கம்பி நினைவகம்தான். மொத்தம் 240 பைட். அதற்குள் எண்களும், அவற்றை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை வரிசையும் இரண்டுமே இடம் பெற்றன. கட்டளைகளை ஒரு காந்த அட்டையில் பதிந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நாசா வாங்கி, அப்போலோ 11 பயணத் தயாரிப்புக் கணக்குகளுக்குப் பயன்படுத்தியது.

இந்த வரிசையின் உச்சம் என்று நான் கருதுவது 1968இல் வந்த எச்பி 9100ஏ. டாம் ஆஸ்போர்ன் என்ற பொறியாளர் தன் சொந்த முயற்சியில் ஒரு மாதிரி மெஷினைக் கட்டி, கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டினார். யாரும் வாங்கவில்லை. கடைசியில் ஹியூலட் பேக்கார்டு, அதாவது எச்பி, ஏற்றுக்கொண்டது. சைன், காஸ், மடக்கை எல்லாவற்றையும் ஒரே விசையில் தரும் மெஷின் அது. 1968இல் ஐசி எனும் ஒருங்கிணைந்த சர்க்யூட் சந்தையில் கிடைத்தது. ஆனாலும் 9100ஏயில் ஒரு ஐசிகூடக் கிடையாது.

சைன் கண்டுபிடிக்கும் வழிமுறையை மெஷினுக்குள் நிரந்தரமாக எழுதி வைக்க 32,768 பிட் தேவைப்பட்டது. அதற்குப் பாகங்கள் போட்டால் பெட்டி கொள்ளாது. அவர்கள் செய்தது இது: 16 அடுக்குகள் கொண்ட ஒரு சர்க்யூட் போர்டை அச்சிட்டார்கள். ஓர் அடுக்கின் செம்புக் கோடு இன்னோர் அடுக்கின் கோட்டுக்கு அருகே எந்த வடிவில் போகிறது என்பதைப் பொறுத்து, ஒன்றில் பாயும் மின்னோட்டம் மற்றொன்றில் சிறு துடிப்பைத் தூண்டும். அந்தத் துடிப்பை வைத்து ஒன்றா, சுழியா என்று படித்தார்கள். அத்தனை அறிவையும் செம்புக் கோலமாக வரைந்து வைத்துவிட்டார்கள். ஒரு பிட்டுக்குக்கூட டிரான்சிஸ்டர் செலவில்லை. மின்னணுவியல் வரலாற்றில் இதைவிட நேர்த்தியான சிக்கனத்தை நான் கண்டதில்லை. விலை 4,900 டாலர் என்றபோதும் ஆய்வகங்கள் அதை விரும்பி வாங்கின.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1969இல் ஷார்ப், அமெரிக்காவின் ராக்வெல் கம்பெனி செய்த நான்கு பெரிய சிப்புகளை வைத்து க்யூடி-8டி என்ற மெஷினை 99,800 யென்னுக்குக் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளில் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1972இல் கேசியோ மினி 12,800 யென். டிரான்சிஸ்டரை எண்ணிச் செலவழிக்க வேண்டிய தேவையே போய்விட்டது.

ஃபேசிட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னை பெருங்குடியில் அந்தப் பெயரில் டைப்ரைட்டர் தொழிற்சாலை இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். சுவீடனில் ஆட்விடாபேரி என்ற சிற்றூரில் பிறந்த அந்த நிறுவனம், 1970 வாக்கில் சுமார் 14,000 பேருக்கு வேலை கொடுத்தது. ஆபத்து தெரியாமல் அது வீழவில்லை. 1960களிலேயே ஹயகவா செய்த மின்னணுக் கால்குலேட்டர்களை வாங்கித் தன் பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. மாற்று வழி கையிலேயே இருந்தது. ஆனால் அதன் தொழிற்சாலைகளும், தொழிலாளர்களின் கைத்திறனும், பெருமையும் பல்சக்கரத்தில் இருந்தன. 1973இல் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கியது. தலைமுறை தலைமுறையாகப் பல்சக்கரம் வெட்டிய கைகளுக்கு வேலை இல்லாமல் போன அந்தச் செய்தியை நான் வருத்தத்தோடுதான் வாசித்தேன்.

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் போனில் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதனால் ஒன்றைச் சேமிப்பது பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆனால் பேட்டரியில் பல மாதம் ஓட வேண்டிய கருவி ஒன்றை நாளை நீங்கள் வடிவமைக்கும்போது, கொஞ்சத்தை எப்படிப் பங்கிடுவது என்ற அதே கேள்வி வேறு உருவில் வந்து நிற்கும். அன்று இசி-130இன் சர்க்யூட்டையும் 9100ஏயின் செம்பு நினைவகத்தையும் எடுத்துப் படியுங்கள். இரண்டின் விவரங்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய ஆய்வகங்கள், வங்கிகள், மில் அலுவலகங்களின் ஸ்டோர் ரூம்களில் இப்படிப்பட்ட மெஷின் ஏதேனும் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதனுடன் சர்வீஸ் மேனுவல் இருந்தால் அதை இன்னும் பத்திரமாக வையுங்கள். சர்க்யூட் படம் இல்லாமல் 2,000 டயோடுகளில் எது கெட்டது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆர்வத்தில் உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பல மெஷின்கள் 100 அல்லது 117 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். மின்வழங்கியில் உள்ள பழைய மின்தேக்கிகளை முதலில் சோதித்து, கெட்டதை மாற்றி, வேரியாக் எனும் மாறு மின்மாற்றியை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். படக்குழாய் உள்ள மெஷினாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள்.